எல்லைகளும் பெயர்களும்: ஊவாவின் பிரிவுகள் வந்த வழி



ஒரே வீட்டிற்கு எத்தனை முகவரிகள் இருக்கின்றன என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? தபால்காரருக்கு ஒரு முகவரி. தோட்டக் காரியாலயத்துக்கு ஒரு டிவிஷன் பெயரும் லய இலக்கமும். கிராம உத்தியோகத்தருக்கு ஓர் இலக்கம். பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரிவு. தேர்தல் திணைக்களத்துக்கு ஒரு தொகுதி. காணி உறுதியில் ஒரு கோறளை. இவை எல்லாம் ஒரே இடத்தையே குறிக்கின்றன. ஆயினும் இவற்றின் பெயர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மண்சரிவினாலோ, வன்செயலினாலோ, அபிவிருத்தித் திட்டங்களினாலோ சொந்த இடத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் இரண்டு மடங்கு. பழைய இடத்தின் பத்திரங்கள் ஒரு பெயரையும், புதிய இடத்தின் பத்திரங்கள் வேறொரு பெயரையும் சொல்கின்றன.

இந்தப் பெயர்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அரசர்களும், ஆங்கிலேய அதிகாரிகளும், பாராளுமன்றமும் வெவ்வேறு காலங்களில் கோடு கிழித்துப் பெயர் வைத்தார்கள். அந்த வரலாற்றை ஓரளவேனும் அறிந்துகொண்டால், எமது கையில் இருக்கும் பத்திரத்தை எம்மால் வாசிக்க முடியும். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் விளங்கும்.

அரசர் காலத்துப் பிரிவுகள்

கண்டி இராச்சியத்தின் வெளிப்புறப் பிரதேசங்கள் திசாவனிகள் எனப்பட்டன. ஒவ்வொன்றிற்கும் தலைவராக ஒரு திசாவை இருந்தார். ‘திசை’ என்ற சொல்லே இதன் வேர். தலைநகரிலிருந்து அந்தந்தத் திசையில் கிடந்த நாட்டை ஆண்டவர் திசாவை. ஊவா அத்தகைய ஒரு திசாவனி. வெல்லஸ்ஸையும் பிந்தென்னையும் அதற்கு அருகே தனித்தனித் திசாவனிகளாக இருந்தன.

திசாவனிக்குள்ளே கோறளை, பலாத்த, பத்து என்ற சிறு பிரிவுகள் இருந்தன. மட்டக்களப்புப் பக்கம் போனவர்களுக்குக் கோறளைப்பற்று என்ற பெயர் தெரிந்திருக்கும். அங்கே தமிழில் ‘பற்று’ என்பதும் இங்கே சிங்களத்தில் ‘பத்து’ என்பதும் உறவுச் சொற்கள். சோழர் காலத்தில் தமிழ்நாட்டில் மண்டலம், வளநாடு, நாடு, கூற்றம் எனப் பிரித்து ஆண்டார்கள். இங்கிலாந்தில் ‘கவுண்டி’ என்று ஒரு பிரிவு உண்டு. பிரபு ஒருவரின் ஆட்சிக்குட்பட்ட நிலம் என்பது அச்சொல்லின் பழைய பொருள். எந்த நாட்டை எடுத்தாலும் நிலத்தைப் பிரித்ததற்கு முதற்காரணங்கள் இரண்டுதான்: வரி சேர்ப்பது, வேலைக்கு ஆள் சேர்ப்பது.

ஊவாவின் பழைய பிரிவுப் பெயர்களிற் சில நிலத்தின் அமைப்பைச் சொல்கின்றன. ‘உட’ என்றால் மேல், ‘யட்டி’ என்றால் கீழ். உடுகிந்த மேற்புறத்தது, யட்டிகிந்த கீழ்ப்புறத்தது. தோட்டத்திலே மேமலை என்றும் பணியமலை என்றும் நாம் சொல்வதும் இதே முறைதான். வெல்லஸ்ஸ என்பதற்கு நூறாயிரம் வயல்கள் என்று மக்கள் பொருள் சொல்வர். ‘வெல்’ வயல், ‘லஸ்ஸ’ இலட்சம். இன்று வரட்சி என்றவுடன் நினைவுக்கு வரும் மொனராகலைப் பகுதிக்கு ஒரு காலத்தில் இப்படி ஒரு பெயர் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடைந்த ஊவா, மீண்டும் சேர்ந்த ஊவா

1815 மார்ச் 2 ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1817 இல், ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் ஆங்கிலேயருக்கு எதிராக மக்கள் எழுந்தார்கள். ஊவாவின் திசாவையாக இருந்த கெப்பெட்டிப்பொல கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, பின்னர் மக்கள் பக்கமே சேர்ந்தார். 1818 நவம்பர் 26 இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கிளர்ச்சியை அடக்கிய படைகள் வீடுகளைக் கொளுத்தின, பயிர்களையும் கால்நடைகளையும் அழித்தன. அக்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களும் விவசாயக் குடும்பங்களே.

அதன் பின்னர் நடந்தது எமது விடயத்துக்கு மிக முக்கியமானது. 1833 இல், கோல்புறூக் - கமெரன் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி, இலங்கை முழுவதும் ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது: வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி. ஐந்தும் திசைப் பெயர்கள். ஊவா என்ற பெயர் அப்பட்டியலில் இல்லை. கீழ் ஊவாவும் வெல்லஸ்ஸையும் தென் மாகாணத்துக்குப் போயின. பிந்தென்னை கிழக்கு மாகாணத்துக்குப் போனது. மிகுதி மத்திய மாகாணத்தில் சேர்க்கப்பட்டது. பழைய கண்டி நாட்டின் ஒற்றுமையைக் கலைப்பதும் இந்தப் பிரிப்பின் ஒரு நோக்கம் என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். எல்லைக் கோடு வெறும் கோடு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பின்னர் மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கூடின. 1845 இல் வடமேல் மாகாணமும், 1873 இல் வடமத்திய மாகாணமும், 1886 இல் ஊவா மாகாணமும், 1889 இல் சப்ரகமுவ மாகாணமும் உருவாகின. ஊவா தனி மாகாணமானபோது ஆதர் ஹமில்டன் கோர்டன் தேசாதிபதியாக இருந்தார். பதுளை தலைநகராயிற்று. இந்த ஒன்பது மாகாணங்களில் ஊவாவும் சப்ரகமுவவும் மட்டுமே திசையின் பெயரால் அல்லாமல் சொந்தப் பெயரால் அழைக்கப்படுகின்றன. 53 ஆண்டுகள் ஏட்டில் இல்லாதிருந்த மாகாணப் பெயர், மக்கள் வாயில் வாழ்ந்தபடியாலேயே திரும்பி வந்தது.

மாகாணத்தின் கீழ் ஒவ்வொரு பிரிவுக்கும் ரட்டே மஹத்மயா என்ற தலைவர் இருந்தார். அவருக்குக் கீழே கோறளை, ஆரச்சி, விதானை என்று படிகள் இருந்தன. சுதந்திரத்துக்குச் சற்று முன்னர் ரட்டே மஹத்மயாக்களின் இடத்துக்குக் காரியாதிகாரிகள் வந்தார்கள். 1955 இல் நிர்வாக மாவட்டங்கள் சட்டம் வந்து, மாகாணத்திற்குப் பதிலாக மாவட்டமே நிர்வாகத்தின் முக்கிய அலகாயிற்று. மொனராகலை தனி மாவட்டமானதும் சுதந்திரத்திற்குப் பின்னரே. ஆகையால் பிபிலையிலோ வெல்லவாயவிலோ பிறந்த முதியவர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் பதுளை மாவட்டம் என்று இருந்தால் அது எழுத்துப் பிழையல்ல. அவர் பிறந்த காலத்தில் அது அப்படித்தான் இருந்தது.

1963 இல் விதானைமார் முறை நீக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தார். அவரைத்தான் இன்று கிராம உத்தியோகத்தர் என்கிறோம். 1987 இல் மாகாண சபைகள் சட்டம் வந்தது. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் கச்சேரியின் பல அதிகாரங்கள் பிரதேச செயலாளரிடம் கையளிக்கப்பட்டன. இன்று பதுளை மாவட்டத்தில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளும் 567 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன; மொனராகலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளும் 319 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன.

அந்த 26 பிரதேச செயலாளர் பிரிவுகளில் உடுகிந்த இல்லை, யட்டிகிந்த இல்லை, வெல்லஸ்ஸையும் இல்லை. வியலுவ ஒரு தேர்தல் தொகுதியின் பெயராக எஞ்சியிருக்கிறது. வெல்லஸ்ஸ 2005 இல் பதுளையில் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் பெயரில் வாழ்கிறது. மற்றப்படி இப்பெயர்களைப் பழைய காணி உறுதிகளிலேதான் தேட வேண்டும். உறுதியின் அட்டவணையில் கிராமம், கோறளை, பலாத்த, மாவட்டம், மாகாணம் என்று வரிசையாக எழுதுவது நொத்தாரிசுமாரின் வழக்கம். “இப்படி ஓர் இடமே இல்லை” என்று யாராவது சொன்னால் மனந்தளர வேண்டாம். இடம் இருக்கிறது, பிரிவின் பெயர்தான் மாறியிருக்கிறது.

நிலமே சொன்ன பெயர்கள்

எமது பகுதியின் பெயர்களிற் பெரும்பாலானவை சிங்களப் பெயர்கள். அவற்றின் பொருளை அறிந்தால் அவை எமக்கு அந்நியமாகத் தோன்றமாட்டா. எமது மூதாதையர் தமிழ்நாட்டில் ஆலங்குடி, புளியங்குடி, மணப்பாறை என்று மரத்தையும் மண்ணையும் பார்த்துப் பெயர் வைத்தது போலவே இங்கும் வைத்திருக்கிறார்கள்.

‘மொனர’ மயில், ‘கல’ பாறை, மொனராகலை மயிற்பாறை. ‘லுணு’ உப்பு, லுணுகலை உப்புப்பாறை. ‘எல்ல’ என்றால் அருவி. ‘எல’ என்றால் ஓடை அல்லது வாய்க்கால்; ஹாலிஎலவில் வருவது இதுவே. ‘வெலி’ மணல், ‘மட’ சேறு; வெலிமடை. ‘பரண கம’ பழைய ஊர், ஊவா பரணகம. ‘மெத கம’ நடு ஊர், மெதகம. ‘கொஸ்’ பலா, ‘லந்த’ பற்றைக்காடு, கொஸ்லந்தை. ‘சியம்பலா’ புளி, சியம்பலாண்டுவ. ‘மீ கஹ’ இலுப்பை மரம்; மீகஹகிவுல. ‘வெல’ வயல், பண்டாரவளை. ‘தெனிய’ மலைகளுக்கு இடையே நீர் தங்கும் தாழ்நிலம். ‘ஹேன’ சேனை. ‘பெத்த’ காடு.

மடுல்சீமை என்ற பெயரில் வரும் சீமை, எல்லை என்ற பொருளுடைய பழைய வடசொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் அது உண்டு, சிங்களத்திலும் உண்டு. இந்த மடுல்சீமை உலகத் தாவரவியலிலும் இடம்பெற்ற ஊர். இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோய் 1869 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இப்பகுதியிலேதான். கோப்பி அழிந்து தேயிலை வந்ததும், எமது மக்களின் வாழ்வு தேயிலையோடு பிணைக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியே.

சில பெயர்கள் எச்சரிக்கைகளாகவும் இருக்கின்றன. மண்சரிவைச் சிங்களத்தில் ‘நாய யாம’ என்பர். நாயபெத்த என்ற பெயரில் அந்த ‘நாய’ ஒலிக்கிறது. தேயிலை வருவதற்கு முன் அம்மலையில் வாழ்ந்தவர்கள் நிலத்தின் குணத்தைக் கண்டு ஒரு பெயரை விட்டுச் சென்றார்கள். மொழி தெரியாதபடியால் எமது முன்னோருக்கு அது வெறும் ஒலியாகவே இருந்தது. ஆகையால் புதிய இடத்தில் காணி தரும்போது, அயலிலுள்ள சிங்களக் கிராமத்து முதியவரிடம் “ஐயா, இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது?” என்று கேட்பது நல்லது. நீர் தங்கும் இடமா, பாறை உருண்ட இடமா, சரிந்த இடமா என்பதைப் பெயரே சொல்லக்கூடும். நிலத்தைப் பரிசோதிக்கும் வல்லுநரின் அறிக்கைக்கு அது மாற்றாகாது. ஆனால் அறிக்கையைக் கேட்டு வாங்க அது ஒரு காரணமாகும்.

தோட்டம் என்ற தனி நாடு

தோட்டப் பெயர்களில் இரண்டு படைகள் உண்டு. ஒன்று, துரைமார் வைத்த பெயர். பண்டாரவளைப் பக்கத்துக் கிரேக் தோட்டத்தின் பெயர் ஸ்கொட்லாந்துச் சொல். பாறை என்பது அதன் பொருள். சிங்களத்தில் ‘கல’ என்பதும் அங்கே ‘கிரேக்’ என்பதும் ஒன்றே. கிளனனோர் என்பதில் வரும் ‘கிளன்’ பள்ளத்தாக்கைக் குறிக்கும். தம் ஊரை விட்டு வந்த வெள்ளைக்காரரும் தம் ஊர்ச் சொல்லையே தேயிலைமலைக்கு இட்டார்கள். இடம்பெயர்ந்தவர் எவரும் பெயரைக் கையோடு கொண்டுவருவர் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

மற்றது, எமது மக்கள் தாமே வைத்த பெயர். மேப்பிரிவு, பணியப்பிரிவு, ஸ்டோர் லயம், கோயில் லயம், இன்ன கங்காணி லயம் என்ற பெயர்கள் எந்த அரசாங்க வரைபடத்திலும் கிடையா. ஆயினும் திருமணம் பேசவும், மரணச் செய்தி சொல்லவும், பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் இந்தப் பெயர்களே போதுமாக இருந்தன.

அது போதுமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நீண்ட காலமாகத் தோட்டம் அரசாங்கத்தின் பிரிவுகளுக்கு உள்ளே இருந்தும் வெளியே இருந்தது. கிராமத்துக்கு விதானை, தோட்டத்துக்குத் துரை. பிறப்பு, இறப்பு, வேலை, வீடு, வைத்தியம் எல்லாம் தோட்டக் காரியாலயத்தின் ஏட்டிலேயே முடிந்தன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவருக்கு எந்தத் தொகுதி, எந்தக் கிராம சேவகர் என்ற கேள்வியே எழவில்லை. 1964 இன் ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களே மீதியானோரின் நாடற்ற நிலையைத் தீர்த்தன. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம்கூட, தோட்டங்களுக்குள் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018 இல் தான் அது திருத்தப்பட்டது.

இந்தியாவிலிருந்து வந்த பழைய கடிதங்களையும் கடவுச்சீட்டுகளையும் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. அங்கும் எல்லைகள் மாறியுள்ளன. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். பின்னர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்ந்து, 1974 இல் தனி மாவட்டமாயிற்று. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. தாத்தாவின் பத்திரத்திலுள்ள ஜில்லாவும் இன்றைய மாவட்டமும் வேறுபட்டால் உறவைத் தேடுவதைக் கைவிடாதீர்கள். தாலுகாவையும் கிராமத்தையும் கொண்டு தேடுங்கள்.

பெயர் தெரிவது ஏன் அவசியம்?

முதலாவது, உயிர். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. உயிர் தப்பியோரிற் பலர் பின்னர் பூனாகலைப் பக்கம் மாகல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது பதுளை மாவட்டம் மீண்டும் பலத்த உயிரிழப்பைக் கண்டது. மண்சரிவு எச்சரிக்கைகள் இன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பிரதேச செயலாளர் பிரிவின் பெயராலேயே அறிவிக்கப்படுகின்றன. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேறுதல். “ஹல்துமுல்லைப் பிரிவுக்குச் சிவப்பு” என்று அறிவித்தால், “நாங்கள் கொஸ்லந்தை, எங்களுக்கில்லை” என்று ஒரு தாய் நினைத்துவிடக்கூடாது. கொஸ்லந்தை என்று ஒரு பிரதேச செயலாளர் பிரிவு கிடையாது. அது ஹல்துமுல்லைக்குள் அடங்குகிறது.

இரண்டாவது, உரிமை. நட்டஈடு, வீட்டுத்திட்டம், நிவாரணம், வாக்காளர் இடாப்பு, காணி அனுமதிப்பத்திரம் ஆகிய அனைத்தும் கிராம உத்தியோகத்தர் பிரிவிலிருந்தே ஆரம்பமாகின்றன. இடம்பெயர்ந்த குடும்பம் பழைய பிரிவின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, புதிய பிரிவின் பட்டியலில் சேராமல் இருந்தால், இரண்டு இடத்திலும் அது இல்லாத குடும்பமாகிவிடும்.

மூன்றாவது, மொழி. 1999 இல் அதிவிசேட வர்த்தமானி மூலம் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை என்பன அவற்றுள் அடங்கும். இப்பிரிவுகளில் அலுவலகப் பதிவுகளைத் தமிழிலும் பேணுவது நிர்வாகத்தின் கடமை. தமிழிலே கடிதம் எழுதித் தமிழிலே பதில் கேட்பது சலுகையன்று.

நாம் செய்யக்கூடியவை

ஒரு கொப்பியை எடுங்கள். முதற் பக்கத்தில் இப்போது வாழும் இடத்தின் விபரத்தை எழுதுங்கள்: கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும், பிரதேச செயலாளர் பிரிவு, பிரதேச சபை, தேர்தல் தொகுதி, மாவட்டம், பிறப்பு இறப்புப் பதிவாளர் பிரிவு. இரண்டாம் பக்கத்தில் விட்டு வந்த இடத்தின் அதே விபரங்களை எழுதுங்கள். பெயரைத் தமிழில் மட்டுமல்லாமல், பத்திரத்தில் உள்ளபடி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பார்த்து எழுதி வையுங்கள். எழுத்துக்கூட்டல் ஒன்றாக இராவிட்டால் அலுவலகத்தில் வீண் அலைச்சல் ஏற்படும்.

மூன்றாம் பக்கம் எந்த அலுவலகத்துக்கும் உரியதல்ல. விட்டு வந்த இடத்தின் லயப் பெயர்கள், மலைப் பெயர்கள், பீலிகள், கோயிலடி, சுடலை, குறுக்குப்பாதை ஆகிய எல்லாவற்றையும் முதியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அரசாங்க வரைபடத்தில் இல்லாத இந்தப் பெயர்கள் பேசுபவர் இறந்தால் இறந்துபோகும். உயிரிழந்தோர் எந்த இடத்தில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அவை மட்டுமே சாட்சியாகவும் இருக்கக்கூடும்.

புதிய குடியிருப்புக்குப் பெயர் வைக்கும் காலமும் வரும். அதிகாரிகளோ நன்கொடையாளரோ ஒரு பெயரைக் கொண்டு வரலாம். அப்போது நாம் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் பேசி, அயற் கிராமத்தவரோடும் கலந்து, எமது விருப்பத்தை எழுத்தில் பிரதேச செயலாளருக்குக் கொடுக்கலாம். ஊவா என்ற பெயரே அரை நூற்றாண்டுக்கு மேலாக மாகாணப் பட்டியலில் இல்லாமலிருந்து திரும்பி வந்தது. அதை அதுவரை காப்பாற்றியவர்கள் வயலிலும் சேனையிலும் வேலை செய்த சாதாரண மக்களே.